கண்ணின் சாட்சியம்: ஹகீம் அப்துல் லத்தீப் பக்தாதி (ரஹ்)

மனிதனின் கீழ்த்தாடையில் இருப்பது ஓர் எலும்பா, ஈரெலும்பா? மருத்துவக் கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் மாணவன் தொடக்கத்திலேயே அந்த எலும்பைக் கையில் ஏந்திப் பார்த்து விடுகிறானாதலால், இன்று இது ஒரு கேள்வியாகவே எவருக்கும் தோன்றாது. ஆயினும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் காலம், ரோமாபுரியிலும் பாக்தாதிலும் குர்துபாவிலும் மருத்துவ நூல்களைப் பயின்றோர் அது ஈரெலும்பு என்றே கற்றனர்; கற்பித்தனர். அது தவறு என்பதைத் தம் கண்களால் கண்டு, கண்டதை எழுத்தில் பதித்துச் சென்றவர் மருத்துவம் ஒன்றையே தொழிலாகக் கொண்டவர் அல்லர். அரபி இலக்கணத்திலும் ஹதீஸிலும் பிக்ஹிலும் தோய்ந்து, கெய்ரோவின் அல்-அஸ்ஹர் பள்ளிவாசலில் பாடம் சொல்லிக் கொண்டிருந்த ஓர் ஆலிம் அவர். முவஃப்பகுத்தீன் அப்துல் லத்தீப் இப்னு யூசுப் அல்-பக்தாதி என்பது அப்பெரியாரின் பெயர்.

ஹிஜ்ரீ 557ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1162இல், பாக்தாது மாநகரில் தர்புல் பாலூதஜ் என்னும் தெருவில் இருந்த தம் பாட்டனாரின் இல்லத்தில் அவர் பிறந்தார். தந்தை யூசுப் ஹதீஸ் கலையில் தேர்ந்தவர். சிறிய தந்தையார் சுலைமான் பிக்ஹுச் சட்டம் அறிந்தவர். ஓடியாடி விளையாடும் வயதில் விளையாட்டு இன்னதென்றே தாம் அறிந்ததில்லை என்று பிற்காலத்தில் அவரே தம் வரலாற்றில் குறித்துள்ளார். தந்தையார் அவரை ஹதீஸ் சபைகளுக்கு அழைத்துச் சென்று, அக்காலத்துப் பெரியோர்களிடம் ஓதக் கேட்கச் செய்து, இஜாஸாக்களைப் பெற்றுத் தந்தார். குர்ஆன் ஷரீபை மனனம் செய்த பின், இலக்கண நூல்களும் கவிதைத் தொகுப்புகளும் ஹரீரியின் மகாமாத்தும் அந்த இளம் நெஞ்சில் ஏறின.

இங்கு ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். தந்தையார் பையனைக் கமாலுத்தீன் அல்-அன்பாரி என்னும் இலக்கண மேதையிடம் ஒப்படைத்தார். மேதை ஒரு நூலின் முன்னுரையை எடுத்து விளக்கத் தொடங்கினார். சொல் மழையாகப் பொழிந்தது. சூழ்ந்திருந்த மாணவர்கள் தலையசைத்து வியந்தனர். பையனுக்கோ ஒன்றும் விளங்கவில்லை. சிறுவருக்குக் கற்பிப்பது தம்மால் ஆகாது என்று கூறிய அம்மேதை, தம் மாணவரான வஜீஹுத்தீன் அல்-வாஸிதியிடம் அனுப்பி வைத்தார். வஜீஹ் கண் பார்வை அற்றவர். அவர் காலை முதல் மாலை வரை பையனைத் தம் அருகிலேயே இருத்தி, பள்ளியிலும் வழியிலும் வீட்டிலும் சொல்லிச் சொல்லி மனத்தில் பதிய வைத்தார். பின்னர் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே கமாலுத்தீனின் சபைக்குச் சென்று பாடம் கேட்டனர். காலப்போக்கில் மாணவர் நினைவாற்றலில் ஆசிரியரை விஞ்சி விட்டார். கண்ணால் கண்டதை முதற்சாட்சியாகக் கொண்ட அறிஞர் ஒருவருக்குக் கல்வியின் வாயிலைத் திறந்து விட்டவர் கண்ணில்லாத ஆசிரியர் என்பது இறைவனின் ஏற்பாடுகளில் ஒன்று.

மருத்துவத்தை அவர் பாக்தாதின் புகழ்பெற்ற மருத்துவர் இப்னு தில்மீதின் புதல்வரிடம் கற்றார். இப்னு ஸீனாவின் நூல்களையும் ரசவாத நூல்களையும் இரவு பகலாகப் படித்தார். பின்னாளில் இவ்விரண்டையுமே வெறுத்து, மனிதர்களைக் கெடுத்தவை இவை என்று சாடவும் செய்தார். அவருடைய நாவு கூர்மையானது என்பதை மறைப்பதற்கில்லை. அவருடைய குடும்ப நண்பரும், மருத்துவர்களின் வரலாற்றை எழுதியவருமான இப்னு அபீ உஸைபிஆ, இவர் தம்மைப் பற்றி உயர்வாக எண்ணியவர், தம் காலத்தாரையும் முன்னோர் பலரையும் குறைத்துப் பேசியவர் என்று ஒளிவு மறைவின்றிக் குறித்துள்ளார். பெரியோர்களின் வாழ்வை எழுதும்போது குறையைத் துடைத்து எடுத்துவிட்டு நிறையை மட்டும் வைப்பது நம்மவர் வழக்கமாகி விட்டது. முந்திய வரலாற்றாசிரியர்களின் வழக்கம் அதுவன்று.

ஹிஜ்ரீ 585இல் பாக்தாதை விட்டு அவர் புறப்பட்டார். தம் கண்களை நிறைவிக்கக்கூடிய ஆசிரியர் அங்கு எவரும் எஞ்சவில்லை என்பதே காரணம். மூஸல் நகரில் ஓராண்டு, பின் டமாஸ்கஸ், அதன் பின் அக்கா கோட்டைக்கு வெளியே சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் பாசறை. சிலுவைப் படையினர் அக்காவைக் கைப்பற்றி, அங்கிருந்த முஸ்லிம்களைக் கொன்று குவித்திருந்த வேளை அது. துயரில் ஆழ்ந்திருந்த சுல்தானைக் காண இயலவில்லை. ஆனால் சுல்தானின் வலக்கரமாக விளங்கிய அல்-காழி அல்-பாழில் அவர்களின் கூடாரத்தில் இடம் கிடைத்தது. ஒரே நேரத்தில் தாமும் எழுதிக்கொண்டு, இரு எழுத்தர்களுக்கும் சொல்லிக் கொண்டிருந்த அந்த மெலிந்த முதியவர், இடையிடையே இவரிடம் இலக்கண நுட்பங்களையும் வினவினார். எகிப்து செல்ல விரும்புவதாக இவர் கூறவே, கெய்ரோவிலிருந்த தம் பிரதிநிதிக்கு ஒரு சிறு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு அவருக்கு வீடும் பொன்னும் தானியமும் பெற்றுத் தந்தது.

கெய்ரோவில் மூவரைச் சந்திக்க வேண்டும் என்று அவர் எண்ணியிருந்தார். அவர்களுள் ஒருவர் யூதப் பேரறிஞரும் மருத்துவருமான மூஸா இப்னு மைமூன். அவருடைய கல்வியின் ஆழத்தை வியந்த நம் அறிஞர், தலைமையையும் ஆட்சியாளர்களின் சேவையையும் அவர் மிகவும் நாடுகிறார் என்று எழுதி வைத்தார். மற்றொருவர் வெறும் ஏமாற்றுக்காரர் என்று கண்டு ஒதுக்கினார். அபுல் காஸிம் என்னும் மூன்றாமவரே இவர் உள்ளத்தைக் கவர்ந்தார். பழைய கிரேக்கத் தத்துவ நூல்களையும் பாராபியின் நூல்களையும் காட்டி, இவருடைய கண்களைத் திறந்தவர் அவர்தாம்.

ஹிஜ்ரீ 588இல் சிலுவைப் படையினரோடு உடன்படிக்கை ஏற்பட்ட பின், பைத்துல் முகத்தஸில் சுல்தானைக் கண்டார். அறிஞர்கள் சூழ அமர்ந்து கல்வி பேசிய சுல்தான், நகரின் மதிலைக் கட்டுவதில் தாமே தோளில் கல் சுமந்த காட்சியை அவர் குறித்திருக்கிறார். மாதம் 30 தீனார் உதவித்தொகை அவருக்கு அளிக்கப்பட்டது. சுல்தானின் மறைவுக்குப் பின் அவருடைய மைந்தர் அல்-அஸீஸோடு மீண்டும் எகிப்து சேர்ந்தார். காலையில் அல்-அஸ்ஹரில் மாணவர்களுக்குப் பாடம். நண்பகலில் மருத்துவம் கற்போர் அவரை நாடி வருவர். மாலையில் மறுபடியும் அல்-அஸ்ஹர். இரவில் தமக்கான படிப்பு. இவ்வாறு நாட்கள் கழிந்தன. எகிப்தின் செடி கொடிகளையும், அடுப்பு வெப்பத்தில் முட்டைகளைப் பொரிக்க வைக்கும் முறையையும், பிரமிடுகளையும் அவர் கூர்ந்து நோக்கி எழுதினார். அல்-அஸீஸ் சிலரின் தூண்டுதலால் சிறிய பிரமிடு ஒன்றை இடித்துத் தள்ள முற்பட்டு, எட்டு மாதங்கள் ஆட்களை ஏவியும் அதன் ஒரு பக்கத்தைச் சிதைத்ததற்கு மேல் ஒன்றும் ஆகாமல் கைவிட்ட செய்தியை நமக்குத் தந்தவரும் அவரே.

இவ்வேளையில்தான் அந்தப் பெரும் பஞ்சம் வந்தது. எகிப்தின் உயிர் நைல் நதியின் வெள்ளத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் நதி 16 முழம் உயர்ந்தால் வயல்கள் நிறையும். ஹிஜ்ரீ 596ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1200இல், அது 12 முழம் 21 விரல் மட்டுமே உயர்ந்து வடிந்து விட்டது. அடுத்த ஆண்டும் நிறைவாக உயரவில்லை. கிராமங்கள் வெறுமையாயின. மக்கள் நகரங்களுக்குத் திரண்டு வந்து தெருக்களில் மடிந்தனர். பசியின் கொடுமையில் மனிதர் மனிதரையே உண்ட செய்திகளை அவர் எழுதியிருக்கிறார்; அவற்றை இங்கு எடுத்துரைக்க நமது எழுதுகோல் கூசுகிறது. கெய்ரோவில் உற்றார் இன்றி இறந்தோருக்குக் கபனிட அரசாங்கம் ஏற்பாடு செய்திருந்தது. 22 மாதங்களில் அந்த அலுவலகத்தின் பதிவேட்டில் ஏறிய ஜனாஸாக்கள் ஏறத்தாழ 1,11,000 என்று அவர் கணக்குத் தருகிறார். பதிவேட்டில் ஏறாமல் வீடுகளிலும் வழிகளிலும் வெளியூர்களிலும் மடிந்தோருக்குக் கணக்கே இல்லை.

அந்நாட்களில் அவரிடம் மருத்துவம் ஓதியவர்கள், கிரேக்க மருத்துவ மேதை ஜாலீனூஸின் உடற்கூற்று நூலை எட்டியிருந்தனர். மேனாட்டார் கேலன் என்றழைப்பது இவரைத்தான். எலும்புகளின் வடிவம், அவற்றின் மேடு பள்ளங்கள், ஒன்றோடொன்று பொருந்தும் விதம் ஆகியவற்றை நூல் சொல்லிக்கொண்டே போயிற்று. மாணவர்களுக்கு விளங்கவில்லை, ஆசிரியருக்கும் விளக்கி முடியவில்லை. ஓர் எலும்பின் ஓரத்திலுள்ள முனையையும், அது மற்றோர் எலும்பின் குழியில் அமரும் பாங்கையும் சொல்லால் காட்டுவது எத்துணை அரிது என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தால் தெரியும். சைகை செய்தும், மணலில் வரைந்தும் காட்டினாலும் அரைகுறையாகவே மனத்தில் நிற்கும்.

அவ்வேளை, அல்-மக்ஸ் என்னுமிடத்தில் எலும்புகள் குவிந்த மேடு ஒன்று இருப்பதாக ஒரு செய்தி கிடைத்தது. அல்-மக்ஸ் அந்நாளில் கெய்ரோவை அடுத்து நைல் கரையிலிருந்த துறைமுகம். நதி பின்னர் மேற்கே விலகி விட்டது. இன்றைய கெய்ரோவில் ராம்ஸீஸ் ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதி அது. ஆசிரியரும் மாணவர்களும் அங்கு சென்றனர். மண்ணை விட எலும்பே மிகுதியாகத் தோன்றிய பெரியதொரு மேட்டைக் கண்டனர். அண்மையில் மாண்டோர், முன்னே மாண்டோர் என்று பலதரப்பட்டோரின் எச்சங்கள், குறைந்தது 20,000 பேருடையவை இருக்கலாம் என்று அவர் மதிப்பிட்டார்.

இவ்விடத்தில் வாசகர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழலாம். இறந்தவரின் எலும்புக்கும் உயிரோடிருப்பவரின் எலும்புக்கும் கண்ணியம் ஒன்றே என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஹதீஸ் அறிந்த ஆலிம் ஒருவர் அந்த மேட்டில் நின்று எலும்புகளை எடுத்துப் பார்த்தது தகுமா? அவர் கப்ரைத் தோண்டவில்லை. எந்த உடலையும் அறுத்ததாகவோ எலும்பை முறித்ததாகவோ அவர் எழுத்தில் இல்லை. பேரழிவு வெளியே கிடத்திவிட்டதை, கற்கும் நோக்கத்தோடு கண்ணால் கண்டார், அவ்வளவே. அவருக்குப் பின் கெய்ரோவில் வாழ்ந்து, கி.பி. 1288இல் மறைந்த மருத்துவ மேதை இப்னு நபீஸ், ஷரீஅத்தும் இரக்கமும் தம்மை உடலறுத்துப் பார்ப்பதிலிருந்து தடுத்ததாகத் தம் நூலின் முகப்பிலேயே கூறியுள்ளார். அக்காலத்து அறிஞர்கள் இந்த எல்லையை அறியாதவர்கள் அல்லர். எல்லைக்கு உட்பட்டும் எவ்வளவு காண முடியும் என்பதற்கு அல்-மக்ஸ் மேடு ஓர் எடுத்துக்காட்டு.

அம்மேட்டில் அவர்களுடைய பாடம் தொடங்கியது. எலும்புகளின் உருவம், மூட்டுகள், பொருத்தங்கள், அளவுகள், அமைந்துள்ள நிலைகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கண்டு தெளிந்தனர். நூல்கள் சொல்லாது விட்டவையும் அங்கு இருந்தன. சொல்லியும் விளங்காதவையும் இருந்தன. நூல் சொன்னதற்கு மாறானவையும் இருந்தன. ஜாலீனூஸ் எத்துணை ஆராய்ந்து எழுதுபவராயினும், அவருடைய சொல்லை விடப் புலன்களின் சாட்சியே ஏற்கத்தக்கது என்னும் முடிவுக்கு அங்குதான் அவர் வந்தார்.

அவ்வாறு மாறுபட்டவற்றுள் முதன்மையானது கீழ்த்தாடை. வாசகர் தம் விரலாலேயே இதைத் தொட்டறியலாம். காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால், உருண்ட முனை ஒன்று நகர்வது தெரியும். மண்டையோட்டின் குழியில் தாடை பொருந்தும் இடம் அது. அங்கிருந்து கீழிறங்கினால் தாடை வளையும் மூலை. அதிலிருந்து முன்னோக்கி வந்தால் மோவாய். தசை நீங்கிய எலும்பில் மோவாயின் இரு பக்கமும், நரம்பு வெளிவரும் இரு துளைகள் காணப்படும். நடுவில் மேலிருந்து கீழாக மெல்லிய வரம்பு ஒன்றும் தென்படும். ஜாலீனூஸும் அவரைப் பின்பற்றிய இப்னு ஸீனாவும், வலப்புற எலும்பும் இடப்புற எலும்பும் இந்த மோவாயில் வந்து கூடி உறுதியாக இணைகின்றன என்றனர்.

மண்டையோட்டு எலும்புகள் கூடும் இடத்தில், கந்தல் துணியைத் தைத்தது போல வளைந்து நெளிந்த கோடுகள் இருக்கும். அரபி மருத்துவர்கள் இக்கோட்டைத் தையல் என்று பொருள்படும் தர்ஸ் என்னும் சொல்லாலேயே குறித்தனர். தாடையிலும் அத்தகைய தையல் உண்டா என்று அப்துல் லத்தீப் தேடினார். ஒரு தாடையில் இல்லை. அடுத்ததிலும் இல்லை. பத்திலும் நூறிலும் அவர் நிறுத்தவில்லை. 2,000க்கும் மேற்பட்ட மண்டையோடுகளை, பலவாறு திருப்பியும் சோதித்தும் நோக்கினார். எங்கும் மூட்டும் இல்லை, தையலும் இல்லை; ஒரே எலும்பு. அத்தோடும் அவர் மனம் அமையவில்லை. வேறு பலரையும் பார்க்கச் செய்தார். தம் முன்னிலையில் பார்த்தவர்களும் உண்டு, தாம் இல்லாதபோது பார்த்தவர்களும் உண்டு. எவரும் வேறு ஒன்றைக் காணவில்லை.

தாம் இல்லாதபோதும் பார்க்கச் செய்தார் என்பதை வாசகர் விரைந்து கடந்து விடக்கூடாது. ஆசிரியர் அருகில் நின்று இது ஒரே எலும்புதானே என்று கேட்டால், ஆமென்று சொல்லாத மாணவன் யார்? காழியின் சபையில் சாட்சிகளைத் தனித்தனியே விசாரிக்கும் முறையை அறிந்தவர் செய்யக் கூடியது இது. அவர் நூலின் பெயரிலேயே ஒரு குறிப்பு இருப்பதாக எமக்குத் தோன்றுகிறது. கிதாபுல் இஃபாதா வல் இஃதிபார் என்பது அப்பெயர். இஃதிபார் என்றால் படிப்பினை பெறுதல் என்று பொதுவாகப் பொருள் கொள்வோம். ஆனால் ஹதீஸ் கலையில் இச்சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. ஓர் அறிவிப்பு தனித்து நிற்கிறதா, அதற்குத் துணை நிற்கும் வேறு வழிகள் உளவா என்று தேடிச் சோதிப்பதே முஹத்திஸ்களிடம் இஃதிபார். எலும்புகளைத் தாம் சோதித்ததைக் குறிக்கவும் அவர் இதே சொல்லின் வினையைத்தான் ஆள்கிறார். எந்தப் பொருளை எண்ணி அவர் பெயரிட்டாராயினும், குழந்தைப் பருவத்தில் ஹதீஸ் சபையில் கற்ற பழக்கம் அல்-மக்ஸ் மேட்டிலும் அவரை விடவில்லை என்பது எமது கருத்து.

பின்னர் பூஸீர் என்னும் ஊரின் பழைய புதைகுழிகளில் கிடந்த எலும்புகளையும் அவர் பார்த்தார். அங்கும் தாடை ஒன்றே. அதை வைத்து அவர் ஒரு நுட்பமான வாதத்தையும் முன்வைத்தார். மறைந்திருக்கும் தையல்களும் இறுகிய மூட்டுகளும் நெடுங்காலம் சென்றால் வெளிப்பட்டுப் பிரிந்து விடுவது இயல்பு, தாடையில் அவ்வாறு ஒரு சேர்க்கை மறைந்திருந்தால், மிகப் பழைய எலும்புகளிலாவது அது தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. எனவே அது இல்லை.

இனி, இடுப்பின் பின்புறம் முதுகுத்தண்டின் அடியில் ஆப்புப் போல் இறங்கியுள்ள முக்கோண எலும்பைப் பற்றி. திரிகம் என்பது அதன் பெயர். அதன் நுனியில் வாலெலும்பு தொங்குகிறது. இவ்விரண்டும் சேர்ந்து ஆறு எலும்புகளால் ஆனவை என்று ஜாலீனூஸ் கூறியிருந்தார். அப்துல் லத்தீப் முதலில் ஒன்றைச் சோதித்தபோது அது ஒரே எலும்பாக இருந்தது. தாடையில் ஜாலீனூஸை வீழ்த்தியவர், இங்கும் வீழ்த்திவிட்டோம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் வேறொரு உடலின் எலும்பை எடுத்தார். அதில் ஜாலீனூஸ் சொன்னபடியே ஆறு காணப்பட்டன. மேலும் பார்த்தார், இரண்டே உடல்களில் ஒன்றாகவும், ஏனையவற்றில் ஜாலீனூஸ் கூறியவாறும் கண்டார். முதலில் கண்டதையும் பின்னர் கண்டதையும் ஒருங்கே எழுதி, தாடையைப் பற்றித் தமக்குள்ள உறுதி இந்த எலும்பைப் பற்றித் தமக்கு இல்லை என்று சேர்த்தும் எழுதினார்.

அந்த ஒரு வரிக்காகவே இப்பெரியாரை நாம் பெரிதும் மதிக்கிறோம். உறுதியான அறிவுக்கும், ஓங்கிய எண்ணத்துக்கும் வேறுபாடு உண்டென்று மத்ரஸாவில் முதல் வகுப்புகளிலேயே ஓதுகிறோம். யகீன் வேறு, ழன்னு வேறு. ஒரு பழைய பேராசிரியரை மறுக்கும் வெற்றிக் களிப்பில் அந்த வேறுபாட்டை நினைவில் வைப்பது எளிதன்று.

இன்றைய மருத்துவம் இரண்டுக்கும் விளக்கம் தருகிறது. கருவிலும் பிறந்த குழந்தையிலும் தாடை உண்மையில் இரு பாதிகளே. பிறந்து ஓராண்டளவில் அவை மோவாயில் கூடி ஒன்றாகி விடுகின்றன. நடுவிலுள்ள மெல்லிய வரம்பு அச்சேர்க்கையின் தடம். ஆகவே வளர்ந்த மனிதர்களில் 2,000 தாடைகளைப் பார்த்தாலும், 20,000 பார்த்தாலும், ஒன்றே. ஆனால் நாய், மாடு போன்ற விலங்குகளில் இரு பாதிகளும் வளர்ந்த பின்னும் தனித்தே நிற்கும். மனித உடலை அறுத்துப் பார்ப்பது ரோமாபுரியில் வழக்கிலில்லாத காலத்தில் வாழ்ந்த ஜாலீனூஸ், குரங்கு, பன்றி, மாடு ஆகியவற்றையே பெரிதும் அறுத்து ஆராய்ந்தார். திரிகமோ, குழந்தையில் தனித்தனி ஐந்து முள்ளெலும்புகள். பருவமடையும் காலத்திலிருந்து ஒவ்வொன்றாக இணைந்து, முப்பது வயதை எட்டுமுன் ஒரே எலும்பாகி விடுகின்றன. சிலருக்குச் சேர்க்கை முழுமை பெறாமலும் போவதுண்டு. பல வயதினரின் எலும்புகள் கலந்து கிடந்த இடத்தில் ஒன்று ஒருவிதமாகவும் மற்றொன்று வேறுவிதமாகவும் தெரிந்ததில் வியப்பில்லை. எங்கு உறுதி கொண்டாரோ அங்கு உறுதிக்கு இடமிருந்தது. எங்கு தயங்கினாரோ அங்கு தயங்குவதற்கே இடமிருந்தது.

ஜாலீனூஸின் மீதும் நாம் அநீதி இழைக்கலாகாது. நதி வெள்ளம் அடித்துச் சென்று ஒதுக்கிய பிணம் ஒன்றின் எலும்புகளையும், மலைப்பாதையில் கிடந்த கொள்ளையன் ஒருவனின் எலும்புக்கூட்டையும் கண்டு படித்ததை அவரே எழுதியிருக்கிறார். எலும்புகளை நூலில் மட்டும் படிக்காதீர்கள், கண்ணால் காணுங்கள், இயன்றால் மனித எலும்புகளை வைத்துக் கற்பிக்கும் இஸ்கந்தரிய்யாவுக்குச் செல்லுங்கள் என்பதே அவருடைய அறிவுரை. அவ்வறிவுரையை ஏட்டில் பிரதி எடுத்தவர்கள் ஏராளம். அதே எகிப்து மண்ணில், ஆயிரம் ஆண்டுகள் கழித்து, அதன்படி நடந்தவர் அவரை மறுக்க நேர்ந்தது. ஒரு வகையில் பார்த்தால், அந்த மேட்டில் ஜாலீனூஸின் உண்மையான மாணவர் அப்துல் லத்தீப்தான்.

தாம் கண்ட இவை போன்ற மற்றவற்றையும், ஜாலீனூஸின் நூல்களில் அறிந்தவற்றையும் ஒருங்கு வைத்துத் தனியாக ஒரு நூல் எழுத, இறைவன் நாடினால் முயல்வதாக அவர் குறித்திருந்தார். அவ்வாறான நூல் நம் கைக்கு எட்டவில்லை. எலும்புகளைப் பற்றிய அவருடைய பக்கங்கள் எகிப்தின் வரலாற்றைக் கூறும் நூலொன்றில், பஞ்சத்தின் கதைக்கு நடுவே இடம்பெற்றன. மருத்துவம் ஓதுவோர் அந்நூலை எடுத்துப் பார்க்க ஏதுவில்லை. மத்ரஸாக்களிலும் மருத்துவமனைகளிலும் பழைய பாடமே தொடர்ந்தது.

அவருடைய எஞ்சிய ஆண்டுகளைச் சுருக்கமாகவே கூறலாம். எகிப்தை விட்டுப் பைத்துல் முகத்தஸ் சென்று மஸ்ஜிதுல் அக்ஸாவில் பாடம் சொன்னார். ஹிஜ்ரீ 604இல் டமாஸ்கஸில் அஸீஸிய்யா மத்ரஸாவில் ஆசிரியரானார். பிறகு அனதோலியா நாட்டில் அர்ஸின்ஜான் சிற்றரசரின் ஆதரவில் நெடுங்காலம் இருந்தார். அந்நாடு வேறு அரசர் கைக்கு மாறவே, ஹலப் நகருக்குத் திரும்பி, அங்கும் பாடம் சொன்னார். தம் அறிவில் எத்துணை நம்பிக்கை இருந்தாலும் நூல்களிலிருந்து தானே கற்க முற்படாதே, ஒவ்வொரு கலைக்கும் ஆசிரியரை நாடு என்பது மாணவர்களுக்கு அவர் விட்டுச் சென்ற அறிவுரைகளில் ஒன்று. நூலையும் ஆசிரியரையும் கடந்து எலும்பையே நாடிச் சென்றவரின் வாயிலிருந்து வந்தமையால் அவ்வறிவுரைக்கு எடை கூடுகிறது. நபிவழி மருத்துவம் பற்றி இப்னு மாஜாவின் தொகுப்பிலிருந்து எடுத்த நாற்பது ஹதீஸ்களுக்கு அவர் சொன்ன விளக்கத்தை மாணவர் அல்-பிர்ஸாலி எழுதி வைத்தார்.

அறுபத்தைந்து வயதைக் கடந்த நிலையில் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டார். கலீபா அல்-முஸ்தன்ஸிருக்குத் தம் நூல்களைச் சமர்ப்பிக்க எண்ணிப் பாக்தாது வழியாகச் செல்லத் தீர்மானித்தார். ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் பிரிந்திருந்த தாய் மண்ணில் கால் வைத்ததும் நோயுற்று, ஹிஜ்ரீ 629ஆம் ஆண்டு முஹர்ரம் பிறை 12இல், கி.பி. 1231 நவம்பரில், வபாத்தானார். வர்திய்யா அடக்கத்தலத்தில் தந்தையாரின் அருகில் நல்லடக்கம் செய்யப்பட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

மனிதனின் கீழ்த்தாடை ஒரே எலும்பு என்பதை ஐரோப்பா அறிந்தது, கி.பி. 1543இல் வெஸாலியஸ் என்னும் அறிஞர் உடலறுத்துக் கண்டு வெளியிட்ட பெருநூலால். அல்-மக்ஸ் மேட்டில் ஓர் ஆலிம் 2,000 மண்டையோடுகளைத் திருப்பிப் பார்த்து ஏறத்தாழ 340 ஆண்டுகள் அதற்குள் கடந்திருந்தன. அப்துல் லத்தீபின் கைப்பட எழுதிய பிரதி இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரின் போட்லியன் நூலகத்தைச் சென்றடைந்தது. அது கி.பி. 1800இல் அரபியும் லத்தீனுமாக அச்சேறியது. 1810இல் பாரிஸில் ஸில்வெஸ்தர் த ஸாஸி அதைப் பிரெஞ்சில் பெயர்த்து, விரிவான குறிப்புகளோடு வெளியிட்டார். அப்போதுதான் மேனாட்டு மருத்துவர்கள் அந்தப் பக்கங்களைப் பரவலாகப் படித்தனர்.